ஆங்கிலத்தில் விடுதலை குறிக்கும் மரபுத்தொடர்களும் குழூஉக்குறிகளும்

தோற்றுவாய்

ஒரு மொழியின் மரபுத்தொடர்கள் அம்மொழி பேசும் மக்களின் தொழிலையும் வாழ்க்கையையும் காட்டுவன என்பது மொழிநூலார் பலரும் உடன்பட்ட கருத்து. ஆயினும், அவை அம்மக்களுள் யாருடைய வாய்ச்சொல் என்னும் வினாவை எழுப்பினோர் சிலரே. உடையவன் சொல்லும் உடைமையாக்கப்பட்டவன் சொல்லும் அகராதியின் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்றல் கூடும். விடுதலையைப் பற்றிய சொற்களில் இவ்வேறுபாடு நன்கு புலனாகின்றது. ஆதலின், ஒருவரையோ ஒன்றையோ கட்டினின்றும் விடுவித்தலைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர்களையும், கொச்சை எனத் தள்ளப்படும் வழக்குகளையும் எடுத்துக்கொண்டு, அவற்றுள் யார் யார் பேசுகின்றனர் என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது வகுப்பறை நிகழ்ச்சி ஒன்று. முதுகலை மாணாக்கர்க்கு மொழிபெயர்ப்புப் பயிற்சியாக ஆங்கிலச் செய்திப் பத்தி ஒன்றைக் கொடுத்திருந்தோம். ஆலையொன்று தன் தொழிலாளருள் முந்நூற்றுவரை ‘லெட் கோ’ செய்தது என்று அப்பத்தியில் வந்திருந்தது. மாணாக்கர் ஒருவர், “ஆலை முந்நூறு தொழிலாளரை விடுவித்தது” என்று எழுதியிருந்தார். அதன்கண் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. சொல்லும் அகராதிக்கு மாறுபட்டதன்று. எனவே யாமும் மதிப்பெண் இட்டு அடுத்த தாளுக்குச் சென்றோம். மீண்டும் ஒருமுறை நோக்கியபொழுதுதான், முந்நூறு குடும்பங்கள் பிழைப்பிழந்த செய்தி ஒரு நற்செய்தி போல எம் கண்முன்னே கடந்து சென்றமை விளங்கிற்று. பிழை மாணாக்கருடையது மட்டுமன்று, திருத்திய எம்முடையதுமாம். அப்பிழை எங்ஙனம் நேர்ந்தது என்று நாடியதன் பயனே இக்கட்டுரை.

வேர்ச்சொற்கள் காட்டும் செய்தி

முதற்கண் ‘ஃபிரீ’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இதனோடு ஒரு வேரிற் பிறந்த பழைய ஆங்கில வினைச்சொல் ஒன்று ‘அன்பு செய்தல்’ என்னும் பொருளது. நண்பனைக் குறிக்கும் ‘ஃபிரெண்ட்’ என்பதும் அவ்வினையின் வழிவந்ததே. ‘அன்பு செய்வோன்’ என்பது அதன் முதற்பொருள். வடமொழியிலுள்ள ‘பிரிய’ என்னும் சொல்லும் இவ்வினத்ததே. அன்பிற்குரியவர் என்னும் பொருள், கட்டற்றவர் என்னும் பொருளாக எங்ஙனம் மாறிற்று? பண்டை ஜெர்மானியர் மனையில் தலைவனோடு உறவுடையோரும் இருந்தனர், அடிமைகளும் இருந்தனர். அவருள் அன்பிற்குரிய உறவினரே அடிமையல்லாதார். அதனால் உறவினரைக் குறித்த சொல் அடிமையல்லாதாரைக் குறிக்கும் சொல்லாயிற்று என்பர் சொல்வரலாற்று நூலார். இலத்தீனிலும் இதனை ஒத்த நிலை உண்டு. அம்மொழியில் ‘லிபெர்’ என்பது கட்டற்றவனைக் குறிக்கும். ‘லிபெரி’ என்னும் பன்மை வடிவு வீட்டுப் பிள்ளைகளைக் குறிக்கும். ஆகவே, அம்மக்கள் கருத்தில் விடுதலை என்பது தொடக்கத்தில் தனித்து நிற்றல் அன்று. ஒரு வீட்டிற்கு உரியராதல்.

இவ்விடத்துத் தமிழ் மாணாக்கர் உள்ளத்தில் ‘வீடு’ என்னும் சொல் எழாமல் இராது. விடு என்னும் முதனிலை நீண்டு வீடு எனத் தொழிற்பெயராயிற்று. அச்சொல்லே உறையுளையும் குறிக்கும், பற்றற்ற நிலையாகிய இறுதிப் பேற்றையும் குறிக்கும். இல்லமும் விடுதலையும் இரு மொழிகளிலும் அருகருகே வந்து நிற்றல் வியப்பிற்குரியதே. ஆயினும் இவ்வொற்றுமை கொண்டு இரு மொழிக்கும் உறவு கற்பித்தல் பொருந்தாது. ஜெர்மானியர் சொல் அன்பிலிருந்து பிறந்தது; நம் சொல் விடுதலாகிய வினையிலிருந்து பிறந்தது. ஒப்புமை வேறு, உறவு வேறு என்பதை ஆராய்ச்சியாளர் மறத்தல் ஆகாது.

ஒப்புமை எத்துணை ஏமாற்ற வல்லது என்பதற்கு இன்னொரு சொல் சான்று பகரும். அடிமையை முறைப்படி விடுவித்தலை ஆங்கிலச் சட்ட மொழி ‘மனுமிஷன்’ என்னும். இஃது இலத்தீனில் கையைக் குறிக்கும் சொல்லும், விடுத்தலைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து அமைந்தது. சொல்லுக்குச் சொல் தமிழாக்கின் ‘கைவிடுதல்’ என்றே ஆகும். ஆனால், தமிழில் கைவிடுதல் என்பது துணையின்றித் தவிக்க விடுதல் அன்றோ? உரோமர்க்குக் கை என்பது உரிமையாளனின் ஆட்சி. அக்கையினின்று நீங்குதல் பேறு. தமிழர்க்குக் கை என்பது காவல். கைப்பிடித்தல் மணமாகவும், கைகொடுத்தல் உதவியாகவும் வழங்கும் மொழியில் கைவிடுதல் பேறாகாது. உறுப்பு ஒன்றே, வினையும் ஒன்றே. பயனோ முற்றிலும் முரண்பட்டது. ஆகவே விடுதலைத் தொடர் ஒன்றைக் காணுந்தோறும், கட்டியவன் யார், கட்டு எது, அவிழ்த்தவன் யார் என மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளுதல் வேண்டும் என்பது எம் கருத்து.

‘லெட்’ என்னும் எளிய சொல்லே இதன் இன்றியமையாமையை உணர்த்தும். பழைய ஆங்கிலத்தில் விடுதலைக் குறித்த வினை ஒன்றும், தடுத்தலைக் குறித்த வினை ஒன்றும் தனித்தனியே இருந்தன. காலப்போக்கில் இரண்டும் ‘லெட்’ என்னும் ஒரே ஒலியை அடைந்தன. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்து முதல் அங்கத்தில், தந்தையின் ஆவியைப் பின்தொடர முயலும் இளவரசன், தன்னைத் தடுப்போரைக் குறிக்க இச்சொல்லைத் தடுத்தற் பொருளிலேயே ஆளுகின்றான். இன்றும் பிரிட்டன் நாட்டுக் கடவுச்சீட்டில் ‘தடையின்றி’ என்னும் பொருள்பட இச்சொல் நிற்கின்றது. விடுதலும் தடுத்தலும் ஒரு சொல்லுள் அடங்கியிருக்கும்பொழுது, சொல்லை மட்டும் நோக்குவோன் ஏமாறுவான். இடத்தையும் வினைமுதலையும் நோக்குவோனே பொருள் காண்பான்.

கட்டும் கருவியும்

ஆங்கில மரபுத்தொடர்களிற் பல, எதனால் கட்டப்பட்டிருந்தது என்பதை மறவாது சுமந்து வருகின்றன. இடருற்ற ஒருவனைத் தப்பவிடுதல் ‘ஆஃப் த ஹுக்’ எனப்படும். தூண்டில் முள்ளினின்று மீனைக் கழற்றிவிடுதல் இதன் உருவகம். ஒருவனைத் தன் விருப்பப்படி செயலாற்ற விடுதல் ‘ஃபிரீ ரெயின்’ எனப்படும். குதிரையின் கடிவாள வாரைத் தளர விடுதல் இதன் உருவகம். தண்டனையின்றித் தப்புதல் ‘ஸ்காட் ஃபிரீ’ எனப்படும். ஸ்காட்லாந்து நாட்டிற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ‘ஸ்காட்’ என்பது பண்டு செலுத்திய வரியின் பெயர். அடங்கிக் கிடந்த ஆற்றலை வெளிப்படுத்துதல் ‘அன்லீஷ்’ எனப்படும். வேட்டைநாயின் கழுத்துவாரை அவிழ்த்தல் இதன் உருவகம்.

இத்தொடர்களை மேற்கூறிய மூன்று வினாக்களால் உசாவுவோம். மீனைத் தூண்டிலில் மாட்டியவன் யாரோ, கழற்றி விடுபவனும் அவனே. நாயின் வாரைப் பிடித்திருந்தவனே அதனை அவிழ்க்கின்றான். அதுவும் நாயின் நலம் கருதியன்று, முயலைப் பிடித்தற்பொருட்டே. ஜூலியஸ் சீசர் நாடகத்தில் அந்தோனி போரை வார் அவிழ்த்துவிடப்பட்ட வேட்டைநாய்களாக உருவகிக்கும் இடத்தில், நாய்கள் உரிமை பெற்றன என்று எவரும் கருதார். ஏவப்பட்டன என்றே கருதுவர். குதிரையின் நிலையோ இன்னும் நுட்பமானது. வார் தளர்ந்ததேயன்றிக் கழன்றிலது. குதிரை தன் வழியைத் தானே தேர்கின்றது. ஆயினும் முதுகின்மேல் இருப்பவன் இறங்கினானல்லன்.

இத்தொடரை இக்காலத்து ஆங்கிலேயருள்ளும் பலர் பிழைபட எழுதுகின்றனர் என்பது கருதத்தக்கது. கடிவாள வாரைக் குறிக்கும் சொல்லும் அரசாட்சியைக் குறிக்கும் சொல்லும் அம்மொழியில் ஒலியால் ஒன்று, எழுத்தால் வேறு. குதிரை வாழ்க்கையினின்று நீங்கியபின், கடிவாளம் என்று எழுத வேண்டிய இடத்தில் ஆட்சி என்று எழுதுவோர் பெருகினர். கட்டுங் கருவி மறக்கப்பட்டவுடன், தளர்ந்த கட்டு முழு ஆட்சியாகத் தோன்றலாயிற்று. இதனை எழுத்துப்பிழை என்று மட்டும் ஒதுக்குதல் தகாது. பொருள் எங்கு நழுவிற்று என்பதை அப்பிழையே காட்டுகின்றது.

தளர்ந்த கட்டினை முழு விடுதலையாகக் கருதுதல் ஆகாது என்பதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதிக்கு நாடு கடத்தப்பட்ட குற்றவாளிகளுக்கு, 1801-ஆம் ஆண்டில் ஆளுநர் ஃபிலிப் கிட்லி கிங் ‘டிக்கெட் ஆஃப் லீவ்’ என்னும் சீட்டு வழங்கத் தொடங்கினார். அச்சீட்டைப் பெற்றவன் தன் கைப்பொருளுக்காகத் தானே உழைக்கலாம். ஆயினும் தண்டனைக்காலம் முடிந்ததாகாது. நடத்தை பிழைப்பின் சீட்டு பறிபோகும். ‘லீவ்’ என்பது ஈண்டு இசைவு என்னும் பொருளது. விடுதலை என்னும் சொல்லையே வழங்காமல் இசைவு என்னும் சொல்லை வழங்கியமை அவ்வாட்சியின் உள்ளத்தைக் காட்டும்.

இனி, கட்டுண்டதே கட்டினை அறுக்கும் தொடர்களை நோக்குவோம். நங்கூரத்தை இழுத்து ஏற்ற நேரமின்றி, அதன் வடத்தை வெட்டிவிட்டுக் காற்றின் போக்கில் கப்பலைச் செலுத்துதலிலிருந்து ‘கட் அண்ட் ரன்’ என்னும் தொடர் பிறந்தது. இன்று அது கோழைத்தனமாக ஓடிவிடுதலையே குறிக்கும். ‘போல்ட்’ என்பது மிரண்ட குதிரை போல் ஓடுதல். ‘ஆன் த லூஸ்’ என்னுந் தொடர் கட்டினின்று தப்பித் திரிதலைக் குறிக்கும்; கொடுவிலங்கோ குற்றவாளியோ திரியும்பொழுதே பெரும்பாலும் வழங்கும். ‘ஸ்காட் ஃபிரீ’ என்பதையும் ஒருவன் தப்பிவிட்டானே என்னும் மனக்கசப்போடேயே சொல்லுவர்.

ஆகவே ஒரு முறைமை புலப்படுகின்றது. பிடித்திருந்தவன் தானே விட்டால் அத்தொடர் அருளை உணர்த்துகின்றது. பிடிபட்டவன் தானே விடுவித்துக்கொண்டால் அத்தொடர் பழியையோ அச்சத்தையோ உணர்த்துகின்றது. இவ்விதிக்குப் புறனடை இல்லாமல் இல்லை. நுகத்தடியை உதறி எறிதல் என்னும் விவிலியச் சார்புடைய உருவகம் புகழ்ப்பொருளில் வழங்குகின்றது. ஆனால் அது நாடுகளையும் இனங்களையும் பற்றியே மிகுதியும் சொல்லப்படுவது. தனியொருவன் தன் தளையைத் தானே அறுக்கும்பொழுது ஆங்கிலப் பொதுவழக்கு அவனை அவ்வளவு எளிதிற் பாராட்டுவதில்லை.

மங்கல வழக்கு

நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்தினார். மங்கலமல்லாததை மங்கலச் சொல்லாற் கூறுதல் மங்கலம். செத்தாரைத் துஞ்சினார் என்பது போல. ஒரு கூட்டத்தார் தம்முள் மட்டும் வழங்குதற்கு ஒரு பொருளின் பெயரை ஒழித்து வேறு பெயர் இட்டுக்கொள்ளுதல் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது போல. தமிழ் வழக்கை விளக்க எழுந்த இப்பாகுபாடு, ஆங்கில விடுதலைத் தொடர்களின் உட்பொருளைக் காண்டற்கும் துணை செய்கின்றது. உடையவர் வழங்குவனவற்றுட் பல மங்கலம் என்னும் வகையினுள்ளும், கட்டுண்டார் வழங்குவனவற்றுட் பல குழூஉக்குறி என்னும் வகையினுள்ளும் அடங்கும்.

‘லெட் கோ’ என்பது மங்கலத்திற்குத் தக்க எடுத்துக்காட்டு. தொழிலாளனை வேலையினின்று நீக்குதல் அமங்கலம். போக விடுதல் என்றால், போகத் துடித்தவனுக்கு முதலாளி வழிவிட்டாற் போல் தோன்றும். முதிர்ந்தவரைப் பணியினின்று ஒதுக்குதலைப் ‘புட் அவுட் டு கிராஸ்’ என்பர். உழைத்து ஓய்ந்த குதிரையைப் புல்வெளியில் திரிய விடுதல் இதன் உருவகம். புல்வெளி இனியதே. எனினும், இனி இக்குதிரையால் பயன் இல்லை என்னும் முடிவு அவ்வினிமையின் பின்னே மறைந்து நிற்கின்றது.

வல்லூறு கொண்டு வேட்டையாடியோர் வழக்கினின்று வந்த ‘விசில் டவுன் த விண்ட்’ என்னும் தொடர் இவ்வகையில் மிகப் பழைமையானது. இரைமேல் ஏவும் வல்லூற்றைக் காற்றுக்கு எதிராகப் பறக்க விடுவர். இனி வேண்டா எனக் கழிக்கும் வல்லூற்றைக் காற்றின் போக்கில் விடுவர். ஒதெல்லோ நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், மனைவியின் கற்பில் ஐயுற்ற தலைவன் அவளை இவ்வாறு கழித்துவிடப்படும் வல்லூறாக எண்ணிப் பேசுகின்றான். புறத்தே நோக்குவார்க்கு இரண்டும் பறத்தலே. ஒன்று மீள அழைக்கப்படும், மற்றொன்று அழைக்கப்படாது. விடுதலையும் கைவிடுதலும் ஒரே வானத்தில் நிகழ்கின்றன என்பதை இவ்வேட்டைச் சொல் நன்கு உணர்த்துகின்றது.

தமிழ் வழக்கிலும் தண்ணீர் தெளித்துவிடுதல், தலைமுழுகுதல், கைகழுவுதல் முதலியன உள. ஆயின் அவை கைவிடுதலைக் கைவிடுதலாகவே காட்டுவன. அவற்றைக் கேட்டு நற்செய்தி என மயங்குவார் இலர். ஆங்கிலத்தின் ‘லெட் கோ’ அத்தகையதன்று. அதனால்தான் அது மொழிபெயர்ப்பில் எளிதில் நம்மை வழுக்கிவிடுகின்றது.

இம்மங்கல வழக்கு தனிமனிதர் பேச்சோடு நிற்கவில்லை. பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1833-ஆம் ஆண்டில் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 1834-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ஈட்டுத்தொகையாக 2 கோடி பவுன் ஒதுக்கப்பட்டது. அத்தொகை அடிமைகளாக உழைத்தவர்க்கு அன்று, அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்க்கே அளிக்கப்பட்டது. விடுவிக்கப்பட்டோருட் பெரும்பாலோர் ‘தொழில் பயில்வோர்’ என்னும் புதுப்பெயரோடு பழைய தலைவர்க்கே ஊதியமின்றி உழைக்க வேண்டியவராயினர். கரும்புத் தோட்டத்தில் வாழ்நாள் முழுதும் உழைத்தவன் அத்தொழிலை இனித்தான் பயில வேண்டும் போலும்! அம்முறை 1838-ஆம் ஆண்டிலேயே முடிவுற்றது. விடுதலை என்னும் சொல்லுக்கும் விடுதலை என்னும் நிலைக்கும் இடையே நான்கு ஆண்டுகள் கிடந்தன. அவ்விடைவெளியை மறைத்து நின்றது ஒரு மங்கலச் சொல்.

குழூஉக்குறி

கட்டுண்டோர் தம் விடுதலையைப் பற்றிப் பேசிய சொற்களைப் பெரும்பாலும் குழூஉக்குறிகளிலேயே தேடுதல் வேண்டும். உரக்கப் பேசின் ஒறுக்கப்படுவோர் மறைத்தன்றோ பேச இயலும்? இங்ஙனம் மறைத்து வழங்கிய சொற்களின் தொகுதி ஒன்று நமக்குக் கிடைத்துள்ளது. ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் என்னும் குற்றவாளி, நியூ சவுத் வேல்ஸில் தண்டனைக் குடியிருப்பில் இருந்தபொழுது, 1812-ஆம் ஆண்டில் கள்வர் வழக்குச் சொல்லகராதி ஒன்றைத் தொகுத்தான். 1819-ஆம் ஆண்டில் அவன் தன்வரலாற்றோடு அது இலண்டனில் அச்சாயிற்று. ஓடித் தப்புதலைக் குறிக்கும் ‘போல்ட்’ என்னும் சொல்லும், அதனை மேலும் மறைக்க இலண்டன் விடுதியொன்றின் பெயரையே குறியாக வழங்கிய முறையும் அதன்கண் காணப்படுகின்றன. கைதிகள் கால்விலங்கை ‘ஸ்லாங்ஸ்’ என்று வழங்கியதாகவும் அவ்வகராதி குறிக்கின்றது. கொச்சை வழக்கைக் குறிக்கும் ‘ஸ்லாங்’ என்னும் சொல்லோடு இஃது ஒலியால் ஒத்திருத்தல் கண்டு இரண்டும் ஒரு வேரின எனத் துணிதல் கூடாது. வாக்ஸ் தன் அகராதியைத் தான் அடைபட்டிருந்த குடியிருப்பின் தலைவராகிய அதிகாரிக்கே உரிமை செய்தான் என்பது நினைக்கத்தக்கது. சிறைப்பட்டோரின் மறைமொழி, சிறைகாப்போன் கைக்கு ஒரு சிறைப்பட்டவனாலேயே சென்று சேர்ந்தது. குழூஉக்குறி அச்சேறிய அளவிலேயே தன் காவலை இழந்துவிடுகின்றது.

குழூஉக்குறியின் உயர்ந்த பயனை அமெரிக்க அடிமைகளின் வரலாற்றிற் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில், தென்மாநிலங்களினின்று தப்பிய அடிமைகளை வடக்கே கொண்டு சேர்க்க மறைவான அமைப்பு ஒன்று இயங்கிற்று. அதற்கு ‘நிலத்தடி இருப்புப்பாதை’ என்று பெயர். அங்குத் தண்டவாளமும் இல்லை, வண்டியும் இல்லை. வழிகாட்டியைக் ‘கண்டக்டர்’ என்றனர். ஒளிந்து தங்கும் வீட்டை ‘ஸ்டேஷன்’ என்றனர். தப்பி வந்தோரைப் பயணிகள் என்றும் சரக்கு என்றும் குறித்தனர். 1850-ஆம் ஆண்டுச் சட்டம் தப்பியோடிய அடிமைக்கு உதவுவோர்க்குத் தண்டமும் சிறையும் விதித்தமையின், இச்சொற்கள் உயிர்காக்கும் கருவிகளாயின. 1849-இல் தானே தப்பி வந்த ஹேரியட் டப்மன் என்னும் பெண்மணி, பின்னர்ப் பலமுறை திரும்பிச் சென்று ஏறத்தாழ 70 பேரை மீட்டார். அவரும் இவ்வழக்கில் ஒரு ‘கண்டக்டர்’. இவ்வமைப்பில் உழைத்த வில்லியம் ஸ்டில் தாம் கண்டு குறித்து வைத்தவற்றை 1872-இல் நூலாக வெளியிட்டார்.

மேற்கண்ட மூன்று வினாக்களை ஈண்டும் எழுப்புக. கட்டியவன் இத்தொடர்களில் இடம்பெறவில்லை. கட்டும் இடம்பெறவில்லை. வழியும், வழிகாட்டியும், தங்குமிடமும், செல்வோருமே இடம்பெறுகின்றனர். உடையவர் தொடர்களில் விடுதலை ஒரு கணத்துச் செயல். கையைத் திறந்தால் முடிந்தது. கட்டுண்டோர் வழக்கில் விடுதலை ஒரு நெடும்பயணம். இவ்வேறுபாடு சொல்லழகு பற்றியதன்று, அனுபவம் பற்றியது.

அக்காலத்து அமெரிக்க வழக்கில், தப்பியோடிய அடிமை ‘தன்னைத் தானே திருடிக்கொண்டான்’ என்று சொல்வதும் உண்டு. அடிமை பிறன் உடைமை என்பது சட்டம். ஆகவே அவன் தப்பியது களவு. உடையவன் சொன்னால் இது குற்றச்சாட்டு. அடிமையே சொல்லுங்கால் சட்டத்தின் பொருந்தாமையை வெளிப்படுத்தும் எள்ளல். ஒரே தொடர், வாய் மாறியவுடன் பொருள் மாறுகின்றது.

ஃபிரடெரிக் டக்ளஸ் வாழ்க்கையில் இம்முரண்பாடு நேரே நிகழ்ந்தது. அவர் 1838-இல் தப்பித் தம்மைத் தாமே விடுவித்துக்கொண்டார். தம் வரலாற்றை 1845-இல் நூலாக்கினார். நூல் அவரை உலகறியச் செய்தமையின் மீண்டும் பிடிபடும் இடர் நேர்ந்தது. அவர் பிரிட்டன் சென்று தங்கினார். 1846-இல் அங்குள்ள நண்பர்கள் 150 பவுன் திரட்டி, சட்டப்படி உடையவனாயிருந்தவனிடமிருந்து அவர் விடுதலையை விலைக்கு வாங்கினர். விலை கொடுத்தல் அடிமை வாணிகத்தை ஒப்புக்கொண்டதாகாதோ என்று அடிமை ஒழிப்பாளருட் சிலரே கடிந்தனர். எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே தம் காலால் நடந்து விடுதலை பெற்ற ஒருவரை, ஒரு சீட்டு மீண்டும் ‘மனுமிஷன்’ செய்தது. எந்த நாளில் அவர் விடுதலை பெற்றார் என்று வினவின், உடையவர் அகராதி 1846 என்னும். கட்டுண்டோர் அகராதி 1838 என்னும்.

இக்காலத்துச் சிறை வழக்கிலும் இக்கூறு தொடர்கின்றது. சிறையினின்று ஒருவனை வெளியேற்றுதலை அமெரிக்கக் கொச்சை ‘ஸ்பிரிங்’ என்னும். அமுக்கிய வில் விடுபட்டுத் துள்ளுதல் போல்வது. வழக்கில் தண்டனையின்றி வெளிவருதலை ‘வாக்’, அஃதாவது நடத்தல், என்பர். அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டில் பார்க்கர் சகோதரர் நிறுவனம் வெளியிட்ட மொனாப்பொலி விளையாட்டினின்று, சிறைமீட்சிச் சீட்டு என்பது எவ்விடரினின்றும் எளிதில் தப்பும் உரிமையைக் குறிக்கும் தொடராயிற்று. 2007-இல் ஐபோன் வந்தபின், செய்தவர் இட்ட பூட்டுகளைப் பயன்படுத்துவோரே உடைத்தலை ‘ஜெயில்பிரேக்’ என்றனர். பொருள் வாங்கியவன் தன்னைச் சிறைப்பட்டவன் பக்கத்தில் வைத்துப் பேசுகின்றான் என்பது இதனாற் பெறப்படும்.

மொழிபெயர்ப்பார் கடன்

கொச்சை வழக்குகள் புலமைக்குரியன அல்ல, அவை விரைவில் மாய்வன, ஆதலின் ஆராயவும் பெயர்க்கவும் தக்கன அல்ல என்பார் ஒரு சாரார். அன்னார் கூற்று நம் இலக்கண மரபிற்கே ஒவ்வாதது. வழக்கும் செய்யுளும் ஆகிய இரண்டனையும் நாடியே தொல்காப்பியம் இயற்றப்பட்டது என்று அதன் பாயிரம் கூறும். நன்னூலார் குழூஉக்குறியைத் தகுதி வழக்கினுள் வைத்து எண்ணினாரேயன்றி இழித்துத் தள்ளினாரல்லர். தட்டானும் பாகனும் தம்முள் வழங்கிய மறைசொற்கள் இலக்கண உரைகளில் இடம்பெறத் தகுமாயின், அடிமைகள் உயிர்காக்க வழங்கிய மறைசொற்கள் ஆராய்ச்சியில் இடம்பெறாமைக்குக் காரணம் யாது? அவற்றை விலக்கினால், விடுதலையைப் பற்றிய செய்தியனைத்தையும் கட்டியவர் வாயிலாகவே கேட்க நேரும்.

இனி, இருமொழி அகராதி செய்வார்க்கும் மொழிபெயர்ப்பார்க்கும் ஒன்று கூறுதல் கடன். இத்தொடர்கள் அனைத்திற்கும் விடுதலை, விடுவித்தல் என்னும் இரண்டே சொற்களை நேர் நிறுத்துதல் போதாது. தூண்டிலினின்று கழற்றப்பட்டதைத் தப்பவிடுதல் என்க. கடிவாளம் தளர்ந்ததைத் தன் போக்கில் விடுதல் என்க. புல்வெளிக்கு அனுப்பப்பட்டதை ஒதுக்குதல் என்க. உருவகத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கொக்கியையும் புல்லையும் தமிழில் கொணர்தலும் பயனற்றது. மூலத்தில் கட்டியவன் யார், கட்டு எது, அவிழ்த்தவன் யார் என்று தெளிந்தபின், தமிழில் அந்நிலைக்குரிய சொல் தானே வந்து நிற்கும்.

மங்கலச் சொல்லை மங்கலமாகவே பெயர்த்தல் வேண்டுமா, அதன் உள்ளுறையை வெளிப்படுத்துதல் வேண்டுமா என்று வினவலாம். பேசுவோன் கூற்றாக வருமிடத்து அவன் மறைப்பையும் காட்டுதல் மொழிபெயர்ப்பின் நேர்மை. செய்தியாசிரியர் கூற்றாக வருமிடத்து, மறைப்பை மறைப்பென்று அறியாது பெயர்த்தல் பிழையேயாம்.

முடிபு

ஆங்கிலத்தில் விடுதலை குறிக்கும் தொடர்கள் ஒரு தன்மையன அல்ல என்பதும், உடையவர் வழக்கு அருளாகவோ மங்கலமாகவோ அமைய, கட்டுண்டோர் வழக்கு பயணமாகவும் மறைகுறியாகவும் அமைகின்றது என்பதும், அவற்றைப் பிரித்தறிதற்கு நன்னூலின் தகுதி வழக்குப் பாகுபாடு துணை செய்யும் என்பதும் மேற்கூறியவற்றாற் போதரும். பிற மொழித் தொழில்வழக்குகளையும் சட்ட வழக்குகளையும் இம்முறையில் ஆராய்வார்க்குப் பெரும்பயன் விளையும்.

அம்மாணாக்கரின் தாளை மீட்டும் வாங்கி, யாம் இட்ட மதிப்பெண்ணை அடித்து, ஓரத்தில் “ஆலை முந்நூறு தொழிலாளரை வேலையினின்று நீக்கியது” என்று எழுதினோம். மாணாக்கர் அதனைப் படித்துவிட்டு, “ஐயா, மூலத்தில் அவ்வளவு கடுமை இல்லையே” என்றார். இல்லைதான். அக்கடுமை மூலத்தில் ஏன் இல்லை என்று வினவத் தொடங்குவதே மொழிபெயர்ப்புக் கல்வியின் தொடக்கம் என்று விடை கூறினோம்.